மதுரைக் காலுக்குக் காரணம் தேடிய மருத்துவர்

உலக மருத்துவ நூல்களில் நம் மதுரையின் பெயர் ஒரு நோயின் பெயராக இடம் பெற்றிருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 'மதுரா ஃபுட்' என்று ஆங்கிலத்திலும், மதுரைக் கால் என்று தமிழிலும் அதனைச் சொல்வர். சிம்மக்கல்லில் வாழும் நாம் இதுபற்றிப் பேச ஆரம்பித்தால், யானைக்கால் நோயைத்தானே சொல்கிறீர்கள் என்று உடனே கேட்கிறார்கள். பக்கத்திலேயே யானைக்கல் இருப்பதால் நமக்குச் சிரிப்பும் வருகிறது. ஆனால் அது வேறு, இது வேறு. யானைக்கால் கொசுக்கடியால் பரவும் புழுவினால் வருவது. மதுரைக் கால் மண்ணிலிருந்து வருவது.

வெறுங்காலுடன் வயலில் இறங்கும் ஒருவருக்குக் கருவேல முள் குத்துகிறது. முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவர் வேலையைப் பார்க்கிறார். சில மாதங்களோ, சில ஆண்டுகளோ கழித்து அந்த இடத்தில் ஒரு சிறு கட்டி தோன்றுகிறது. வலி இல்லை. வலி இல்லாததே இந்நோயின் சூழ்ச்சி எனலாம். மெல்ல மெல்லப் பாதம் வீங்கி, எறும்புப் புற்றுப்போலத் துளைகள் விழுந்து, அவற்றின் வழியே சீழும், சிறு சிறு மணிகளும் வெளியேறுகின்றன. சிலருக்கு அவை கருமணல் போல, சிலருக்கு மீன் முட்டை போல இருக்கும். கவனியாமல் விட்டால் எலும்பையும் அரித்துவிடும்.

1842ஆம் ஆண்டு, மதுரையில் பணியாற்றிய ஜான் கில் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்நோயைப் பற்றி எழுதினார். 1846ல் கோல்புரூக் என்பவர், இங்கு வழங்கிய பெயரிலேயே இதனை அறிமுகப்படுத்தினார். காரணம் மட்டும் எவருக்கும் விளங்கவில்லை. காலை வெட்டி எடுப்பது ஒன்றே வைத்தியமாக இருந்தது. இந்தக் காரணத்தைத் தேடிப் போனவர்தான் ஹென்றி வான்டைக் கார்ட்டர்.

இவர் 1831ஆம் ஆண்டு மே மாதம் 22ந்தேதி இங்கிலாந்தின் ஹல் நகரில் பிறந்தார். தந்தை ஓவியர். புகழ்பெற்ற ஓவியர் வான்டைக்கின் பெயரே மகனுக்கும் வைக்கப்பட்டது. மகன் மருத்துவம் படிக்க இலண்டன் சென்றாலும், தந்தையின் கலை கையோடு வந்தது. அங்கே புனித ஜார்ஜ் மருத்துவமனையில் இருந்த ஹென்றி கிரே என்ற மருத்துவர், உடற்கூறு பற்றித் தான் எழுதவிருந்த நூலுக்குப் படம் வரையும்படி இவரைக் கேட்டுக்கொண்டார். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் இருவரும் சேர்ந்து சடலங்களை அறுத்துப் பார்த்தனர். கிரே எழுதினார், கார்ட்டர் வரைந்தார். 1858ல் வெளிவந்த அந்த 'கிரேயின் உடற்கூறியல்' இன்றுவரை மருத்துவ மாணவர்கள் கையில் இருக்கிறது. முதல் பதிப்பின் 363 படங்களும் கார்ட்டருடையவை.

ஆனால் நடந்தது என்ன? அச்சுப்படி வந்தபோது முதல் பக்கத்தில் கார்ட்டரின் பெயர் தன் பெயருக்குச் சமமான எழுத்தில் இருப்பதைக் கண்ட கிரே, அதைச் சிறிதாக்கச் சொல்லிக் குறிப்பெழுதினார். விற்பனைக்கேற்ப வரும் பங்கும் கிரேக்கு மட்டுமே. கார்ட்டருக்கு ஒரே தடவையாக 150 பவுண்டு கொடுத்து முடித்துக் கொண்டார்கள். நூல் வெளிவந்தபோது கார்ட்டர் இங்கிலாந்தில் இல்லை. அவ்வாண்டே இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து பம்பாய்க்கு வந்துவிட்டிருந்தார்.

பம்பாயில் கிரான்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தார். ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் மருத்துவமனையில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். அங்கும் இந்தப் புற்றுக்கால் நோயாளிகள் வந்தார்கள். வெட்டி எடுக்கப்பட்ட கால்களை மற்றவர்கள் தூக்கி எறிய, இவரோ அவற்றைப் பிளந்து, மணிகளை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, பார்த்ததையெல்லாம் வரைந்து வைத்தார். மணிகளுக்குள்ளே நூல் நூலாகப் பின்னிக் கிடந்தது பூஞ்சை என்று கண்டார். 1860ல் இந்நோய்க்கு மைசெட்டோமா, அதாவது பூஞ்சைக் கட்டி என்று பெயரிட்டார். கிருமிகளால் நோய் வருகிறது என்ற கருத்தே மருத்துவ உலகில் வேரூன்றாத காலம் அது. பாஸ்டரும் காக்கும் பெரும் புகழ் பெறும் முன்பே இப்படிச் சொல்லத் துணிவு வேண்டும்.

சதாராவில் அரசு மருத்துவராக இருந்த ஆண்டுகளிலும் இந்த ஆய்வை இவர் விடவில்லை. ஒரு மாதிரியில் செந்நிறப் பூஞ்சணம் வளர்ந்தது. அதை இங்கிலாந்திலிருந்த மைல்ஸ் ஜோசப் பெர்க்லி என்பவர் ஆராய்ந்தார். இந்த பெர்க்லி ஆங்கிலிக்கன் சபைப் போதகர், அதே வேளையில் அந்நாட்டின் தலைசிறந்த பூஞ்சை அறிஞர். அயர்லாந்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் ஏழைகளைப் பலிகொண்ட பஞ்சத்திற்கு வித்திட்ட உருளைக்கிழங்கு அழுகலுக்கு, அதன் இலைகளில் காணப்பட்ட பூஞ்சணமே காரணம் என்று 1846லேயே வாதாடியவர். கார்ட்டரின் பூஞ்சணத்திற்கு இவர் கார்ட்டரின் பெயரையே வைத்தார். ஆனால் அந்தச் செந்நிறப் பூஞ்சணம் நோய்க்குக் காரணமல்ல, வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்பது பின்னர் தெரியவந்தது.

அதற்காகக் கார்ட்டரின் உழைப்பு வீணாகவில்லை. கறுப்பு மணி உள்ளது ஒரு வகை, வெளிர் மணி உள்ளது மற்றொரு வகை என்று அவர் பிரித்துக் காட்டியிருந்தார். 1874ல் தம் கையாலேயே வரைந்த வண்ணப் படங்களுடன் மைசெட்டோமா பற்றிய நூலை வெளியிட்டார். அந்நூலின் முதல் பக்கத்தில் அவர் பெயர் மட்டுமே இருக்கிறது. 1894ல் வின்சென்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர், வெளிர் மணிகளில் இருப்பது ஒருவகை பாக்டீரியா என்று கண்டுபிடித்தார். கறுப்பு மணிப் பூஞ்சைக்கு 1905ல் மதுரெல்லா என்று நம் ஊரின் பெயரே சூட்டப்பட்டது.

இந்தப் பிரிவு இன்றைக்கு உயிர்நாடி. ஏனெனில் பாக்டீரியா வகைக்குச் சில மாதங்கள் மருந்து எடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். பூஞ்சை வகை அப்படியல்ல. ஓராண்டோ அதற்கு மேலோ தினமும் மாத்திரை, கூடவே அறுவை சிகிச்சை, அப்படியும் சிலர் காலை இழக்கிறார்கள். ஆகவே மணி எந்த வகை என்று பாராமல் மருந்து கொடுப்பது பயன் தராது.

கார்ட்டரின் மற்றப் பணிகளைச் சுருக்கமாகச் சொல்வோம். தொழுநோயைப் பற்றி அறிய நார்வே வரை சென்று ஹான்சனின் ஆய்வைத் தெரிந்து வந்தார். 1877ன் பஞ்ச காலத்தில் பம்பாயில் பரவிய மறுகாய்ச்சலின் கிருமியை நோயாளிகளின் இரத்தத்தில் கண்டார். அவ்வாண்டே கல்லூரி முதல்வருமானார். இல்வாழ்வு அவருக்கு வேதனையாகவே இருந்தது. முதல் திருமணம் முறிந்தது. இளமையில் எழுதிய நாட்குறிப்புகளில் தம் விசுவாசத்தைப் பற்றிய கலக்கங்களையும் அவர் மறைக்கவில்லை. 1888ல் ஓய்வு பெற்று ஊர் திரும்பிய அவர், 1897ஆம் ஆண்டு மே மாதம் 4ந்தேதி ஸ்கார்பரோ நகரில் காசநோயால் இறந்தார்.

அவர் இறந்து நூறாண்டுகளுக்கும் மேலாகியே, 2016ல், உலக நலவாழ்வு அவை இந்நோயைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. சூடானின் கார்ட்டூம் நகரில் 1991ல் தொடங்கிய மைசெட்டோமா ஆய்வு நிலையம், வாரம் ஒருமுறை மட்டும் உட்கொள்ளும் ஃபாஸ்ராவுகொனசோல் என்ற புது மருந்தைச் சோதித்தது. தினமும் எடுக்கும் பழைய மருந்துக்கு அது ஏறத்தாழ ஈடாக இருப்பதாக 2024ல் முடிவு வெளியானது. ஆனால் 2023 ஏப்ரலில் தொடங்கிய உள்நாட்டுப் போரில் அந்நிலையம் அழிந்தது. பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்த நோய் மாதிரிகளும் அதோடு போய்விட்டன.