அரைக்கதை எழுதிய ஆக்ரா வணிகர்: கவி பனாரசிதாசர்

ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்னர், அக்பர், ஜஹாங்கீர், ஷாஜஹான் ஆகிய மொகலாய மன்னர் மூவரின் ஆட்சியையும் கண்டு, ஜவுன்பூரிலும் ஆக்ராவிலும் வணிகம் செய்து வாழ்ந்தவர் கவி பனாரசிதாசர். வடநாட்டு ஜைனப் பெருமக்கள் நன்கறிந்த இவர் பெயர் நம் தமிழ்ச் சமணரிடையே அவ்வளவாகப் பரவவில்லை. ஆயினும் இவர் வாழ்வைத் திசைதிருப்பிய நூல்கள் இரண்டும் தென்னாட்டு ஆசாரியர்கள் அருளியவையே. ஒன்று, பொன்னூர் மலையில் நாம் திருவடி தொழும் ஸ்ரீ குந்தகுந்தாசாரியரின் சமயசாரம். மற்றொன்று, சிரவணபெளகொளத்தில் கோமடேசுவரர் திருவுருவை நிறுவிய சாமுண்டராயரின் ஆசானாகிய நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தியின் கோமடசாரம். முதல் நூல் அவரை நிலைகுலையச் செய்தது. அடுத்தது அவரை நிலைநிறுத்தியது. இரண்டிற்கும் இடைப்பட்ட காலம் பன்னிரண்டு ஆண்டுகள்.

1586 ஆம் ஆண்டில் ஜவுன்பூரில் ஸ்ரீமால் குல மணிவணிகர் கரக்சேனரின் மகனாகப் பிறந்தார். இட்ட பெயர் விக்கிரமாஜித். குழந்தையைக் காசிக்கு எடுத்துச் சென்று பார்சுவநாதர் சந்நிதியில் வைத்தபோது, பகவானின் யக்ஷன் தமக்குக் காட்சியளித்து இவ்வூரின் பெயரையே சூட்டுமாறு பணித்ததாகப் பூசகர் கூறவே, பனாரசிதாஸ் என்னும் பெயர் அமைந்தது. முன்னதாக, மகப்பேறு வேண்டிப் பெற்றோர் ரோதக்கிலுள்ள சதிக்கு நேர்ந்துகொண்டு சென்றனர். வழியிலேயே கள்வர் கைப்பொருள் அனைத்தையும் கவர்ந்தனர். அதன் பின்னரும் அவர்கள் நம்பிக்கை குன்றவில்லை, மீண்டும் சென்றனர். இதனைத் தம் வரலாற்றில் எழுதும் பனாரசிதாசர், கண்ணெதிரே கண்டும் உணராத பேதைமை என்று தம் பெற்றோரையே குறைகூறத் தயங்கவில்லை. அந்தக் கடுமை பிற்காலத்தில் வந்தது. இளமையில் அவரும் அதே பேதைமையில் மூழ்கியிருந்தவரே.

சந்நியாசி ஒருவர் அவருக்கு ஒரு மந்திரத்தை உபதேசித்தார். பிறர் அறியாவண்ணம் கழிப்பிடத்தில் அமர்ந்து ஓராண்டு உருவேற்றினால், அதன் பின்னர் நாள்தோறும் வாயிற்படியில் ஒரு பொற்காசு கிடைக்கும் என்பது வாக்கு. வணிகர் மகனல்லவா! ஓராண்டும் ஒருநாள் விடாது உருவேற்றினார். ஆண்டு நிறைந்த மறுநாட் காலையில் வாயிலைத் தேடினார், காசில்லை. அதற்கடுத்த நாளும் தேடினார்; இல்லை. சின்னாட்களில் வேறொருவர் ஒரு சங்கினை அளித்து, இதனைச் சதாசிவமாக வழிபடுக என்றார். அதனையும் ஏற்று, வீட்டாருக்கும் தெரியாமல் பூசித்துவந்தார்.

1605 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அக்பர் மறைந்தார். செய்தி எட்டியபோது பத்தொன்பது வயதினரான பனாரசிதாசர் மாடிப்படியில் அமர்ந்திருந்தார். அதிர்ச்சியால் மயங்கி உருண்டு விழுந்தார். மண்டை உடைந்து குருதி பெருகியது. தாயார் துணியைச் சுட்டுக் காயத்தில் வைத்துக் கட்டினார். நகரெங்கும் கடைகள் அடைபட்டன. செல்வர்கள் நகைகளை மண்ணிற் புதைத்து முரட்டு ஆடை உடுத்தனர். பத்து நாட்கள் கழித்து, சலீம் இளவரசர் ஜஹாங்கீர் என்னும் பெயருடன் அரியணை ஏறினார் என்ற கடிதம் ஆக்ராவிலிருந்து வந்த பின்னரே ஊர் அமைதியுற்றது. காயம் ஆறியபின் மாடியில் தனித்திருந்து சிந்தித்த இளைஞர், தாம் விழுந்தபோது அச்சங்கு தமக்கு எவ்வுதவியும் செய்யவில்லை என்று கண்டார். அன்றே அப்பூசையை விட்டொழித்தார்.

நாம் இங்கு ஒன்றை நோக்க வேண்டும். பொற்காசு கிடைக்காததால் மந்திரம் பொய். விழுந்தபோது தாங்காததால் சங்கு பயனற்றது. இவ்விரு முடிவுகளும் வணிகரின் கணக்கேட்டு முடிவுகளே. கொடுத்தது இவ்வளவு, பெற்றது இவ்வளவு என்று பார்ப்பது. பொய்யைக் களைய அக்கணக்குப் போதுமானதாயிருந்தது. மெய்யைப் பற்ற அது போதுமா என்ற கேள்வி அவருக்கு இன்னும் எழவில்லை.

ஆயினும் அவர் கணக்கு, தமக்கு இழப்பு வந்த இடத்திலும் நேர்மையாகவே நின்றது. இளமைக் காமத்தில் திளைத்த காலத்தில், காதற் சுவை மிக்க ஆயிரம் பாடல்கள் கொண்ட நூலொன்றை இயற்றியிருந்தார். ஒருநாள் மாலை கோமதி ஆற்றுப் பாலத்தில் நண்பர்களுக்கு அதனைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தவர், ஒரு பொய் சொன்னவனே நரகத்துக்குரியவன் என்றால் இத்தனை பொய்களைப் புனைந்த தம் கதி யாது என எண்ணினார். ஏட்டுக்கட்டை அப்படியே ஆற்றில் எறிந்துவிட்டார். நண்பர்கள் பதறினர், சிதறிய ஏடுகளை எவரும் மீட்க இயலவில்லை. அந்நாள் முதல் ஜிநாலயம் சென்று தரிசித்தல், சாமாயிகம், பிரதிக்கிரமணம் என நியமங்களை மேற்கொண்டார்.

வணிகத்தில் அவருக்கு ஆகூழ் இருந்ததில்லை. ஆக்ராவில் முதலைத் தொலைத்துவிட்டு, ஒரு கசோரி வணிகரின் நல்லெண்ணத்தால் பல மாதங்கள் கடனுக்கு உண்டு காலங்கழித்தார். ஒரு பயணத்தில் வழிதவறிக் கள்வர் ஊரில் அகப்பட்டபோது, நூலைத் திரித்துப் பூணூலாக அணிந்து, மண்ணைக் குழைத்துத் திலகமிட்டு, அந்தணர் வேடத்தில் உயிர்தப்பினார். பாடல்களில் புனைந்த பொய்க்கு அஞ்சியவர், உயிருக்காகச் சொன்ன இப்பொய்யைச் சமாதானம் எதுவும் கூறாமல் அப்படியே எழுதிவைத்துள்ளார். மும்முறை மணந்தார், பிறந்த மக்கள் ஒன்பதின்மரும் அவர் கண்முன்னரே இறந்தனர்.

1623 ஆம் ஆண்டளவில், ஆன்மிக விசாரத்தில் ஈடுபாடுடைய அரதமல் என்ற அன்பர் அவருக்கு ஒரு சுவடியை அளித்தார். அது சமயசாரத்தின் கலச சுலோகங்களுக்கு ராஜமல்லர் எளிய மொழியில் வரைந்த உரை. ஆன்மா கர்மத்தைச் செய்வதும் இல்லை, அதனால் தீண்டப்படுவதும் இல்லை, அது என்றும் தூய அறிவே என்று நிச்சய நயத்தின் நோக்கில் குந்தகுந்தர் கூறுவதைப் படித்தார், பன்முறை படித்தார். ஆன்மா தூயதென்றால் பூசை எதற்கு, நோன்பு எதற்கு, பிரதிக்கிரமணம் எதற்கு? ஒவ்வொன்றாகக் கைவிட்டார். ஆனால் நூல் கூறும் ஆன்மானுபவமும் வாய்க்கவில்லை. கிரியையின் சுவையும் போயிற்று, ஆன்மச் சுவையும் கிட்டவில்லை. மண்ணிலும் இன்றி விண்ணிலும் இன்றித் தொங்கிய நிலை அது.

சந்திரபான், உதயகரன், தான்மல் என்னும் மூவர் அவருடன் கூடினர். இறைவனுக்குப் படைத்த நைவேத்தியத்தையும் உண்டனர். பூசையையும் முனிவர்களையும் எள்ளி நகையாடினர். ஓர் அறையில் கதவை அடைத்து, ஆடை களைந்து, உடைமையற்ற முனிவர் நாமே என்று சொல்லிச் சுற்றிச் சுற்றி ஆடினர். தலைப்பாகைகளைப் பறித்துக்கொண்டும், செருப்பால் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டும் விளையாடினர். திகம்பரத் திருக்கோலத்தின் அருமையுணர்ந்த நமக்கு இதனைப் படிக்கும்போது மனம் கூசுகிறது. ஊரார் பழித்தனர். பழிக்கப் பழிக்க அவர் பிடிவாதம் வளர்ந்தது. தமக்கு விளங்காத ஒன்றை ஊர் வழக்கம் என்பதற்காக ஏற்கும் இயல்பு அவரிடம் என்றுமே இருந்ததில்லை.

சங்கையும் மந்திரத்தையும் விட்டபோது அவர் விட்டவை பொய்கள். இம்முறை அவர் கையிலிருந்ததோ மெய்ந்நூல். பொய்யைவிட அதிக நாள் அவரை அலைக்கழித்தது, ஒரு கண்ணால் மட்டும் பார்க்கப்பட்ட அந்த மெய்யே. பொய்க்குப் பரிசோதனை எளிது. வாயிற்படியில் காசு இருக்கிறதா எனப் பார்த்தால் போதும். நூலின் ஒரு நயத்தைப் பற்றிக்கொண்டு மற்றதை விட்டவனுக்கு அப்படி உணர்த்தும் படிக்கட்டு எதுவும் இல்லை. அவர் படிப்பது சரி; சொற்களும் சரி; விளங்கிக்கொள்ளும் இடம் மட்டும் தவறியிருந்தது. துணையிருந்த மூவரும் அவர் கருத்தையே கொண்டவர்கள். ஆதலால் திருத்துவார் எவருமிலர்.

1635 ஆம் ஆண்டில் பண்டிதர் ரூப்சந்த் பாண்டே ஆக்ராவுக்கு வந்து, திகுனா சாஹு கட்டிய ஆலயத்தில் தங்கினார். அவர் கோமடசாரம் விரிவுரைக்கக் கேட்க அத்தியாத்மக் குழுவினர் அனைவரும் சென்றனர். ஆன்மா ஏறும் படிகளாகிய குணஸ்தானங்கள் பதினான்கினையும், எப்படியில் நிற்பவனுக்கு எவ்வளவு ஞானம், எத்தகைய ஒழுக்கம், எந்தக் கிரியை உரியது என்பதனையும் அவர் பிரித்துப் பிரித்து விளக்கினார். நான்காம் படியில் நற்காட்சி தோன்றுகிறது. ஐந்தாம் படியில் இல்லறத்தானின் அணுவிரதங்கள். ஆறாம் படியிலேதான் முனிவரின் மகாவிரதம். உள்ளே தூய ஆன்மாவென்று அறிந்தவனும் தான் நிற்கும் படிக்குரிய ஒழுக்கத்தில் நின்றே மேலேற வேண்டும். குந்தகுந்தர் சொன்னதும் மெய். கோயிலில் கைகூப்பும் சிராவகன் செய்வதும் பொய்யன்று.

பண்டிதர் பனாரசிதாசரின் கேள்விகளை ஒதுக்கவில்லை. பழைய வழக்கத்துக்குத் திரும்புக என்று அதட்டவும் இல்லை. இரண்டு நயங்களுக்கும் அவரவர் இடத்தைக் காட்டினார். அதுவரை ஊராரின் பழியால் சிறிதும் அசையாதவர், அவ்விளக்கம் கேட்டதும் மாறினார். ஐயங்கள் அகன்று ஸ்யாத்வாதத்தில் உறுதிபெற்றதாகத் தாமே எழுதுகிறார். நூலாகத் தனியே படித்ததைக் கற்றறிந்தார் வாயிலாகக் கேட்டபோது தெளிவு பிறந்தது. கல்வியோடு கேள்வியையும் சேர்த்துப் போற்றும் நம் மரபுக்கு இது புதிதன்று.

அடுத்த ஆண்டே, 1636 இல், அதே சமயசாரத்தை இந்தியில் 727 பாடல்களாகப் பாடினார். அதுவே சமயசார நாடகம். பிறப்பால் சுவேதாம்பர கரதர கச்சத்தைச் சார்ந்த அவருடைய நூலைத் திகம்பரரும் விரும்பி ஓதுகின்றனர். பேரரசருடன் சதுரங்கம் ஆடினார், துளசிதாசரைச் சந்தித்தார் என்பன போன்ற கதைகள் பின்னாளில் கிளம்பியவை. அவர் எழுதிய வரலாற்றில் இவற்றுக்கு இடமில்லை.

அவ்வரலாறு 1641 இல் 675 பாடல்களில் முற்றுப்பெற்றது. மனித வாழ்நாள் 110 ஆண்டுகள் எனக் கொண்டு, தம் 55 ஆண்டுக் கதையாதலால் அர்த்தகதானகம், அதாவது அரைக்கதை, எனப் பெயரிட்டார். நம் நாட்டு மொழிகளில் எழுந்த தன்வரலாறுகளுள் மிகப் பழையவற்றில் ஒன்று இது. நூலின் இறுதியில் தம் குணங்களையும் குற்றங்களையும் தனித்தனியே பட்டியலிடுகிறார். கவித்திறமும் ஆன்ம ஞானமும் பொறுமையும் உண்டு, பொருளாசை மிகுதி, தவமும் அடக்கமும் இல்லை, சிறு ஆதாயத்துக்கு மிக மகிழ்ச்சி, சிறு இழப்புக்கு மிக வருத்தம், பொய் சொல்வதில் கூச்சமில்லை, தனித்திருக்கையில் இப்போதும் ஆடத் தோன்றுகிறது. இப்பட்டியலை வகுத்தபின், மக்களை உயர்ந்தோர், இடைப்பட்டோர், தாழ்ந்தோர் என மூவகையாக்கித் தம்மை இடைப்பட்டோர் வரிசையில் வைத்துக்கொள்கிறார். தெளிவு பெற்ற பின்னரும் தம்மை முதல் வரிசைக்கு அவர் உயர்த்திக்கொள்ளவில்லை.

மறுபாதிக் கதையை எழுத அவருக்கு வாய்க்கவில்லை. 1643 இல் காலமானார். அடுத்த ஆண்டில் ஜகஜீவன் என்பவர் அவருடைய சிறு நூல்களைத் திரட்டிப் பனாரசி விலாசம் எனத் தொகுத்தார். அரைக்கதையோ மூன்று நூற்றாண்டுகள் சுவடிகளிலேயே கிடந்து, 1943 இல் அறிஞர் நாதூராம் பிரேமியின் பதிப்பாக அச்சேறியது.