தில்லையில் வாழ்ந்த தவமுனிவர் சுவாமி சகஜானந்தர்

பங்குனித் திங்களில் திருமயிலைக் கபாலீசுவரர் கோயில் விழாவின் எட்டாம் நாளன்று அறுபத்து மூவரும் மாட வீதிகளில் உலா வருவதை நம் இளைஞருட் பலர் கண்டிருப்பர். அவ்வரிசையில் எழுந்தருளும் திருநாளைப்போவார், ஆதனூரிற் பிறந்த நம் நந்தனாரே ஆவார். திருமேனி வடிவில் அவர் நெடுங்காலம் கோயிலுக்குள் இருந்தார். அவர் குலத்து மக்களோ மதிலுக்குப் புறத்தே நின்றனர். இந்த முரண்பாட்டைத் தம் நெஞ்சிற் சுமந்தும், இறைவன்பால் கொண்ட அன்பு சிறிதும் குன்றாது வாழ்ந்து காட்டியவர் சுவாமி சகஜானந்தர்.

அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்து ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890ஆம் ஆண்டு சனவரி 27ஆம் நாள் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் முனிசாமி. திண்டிவனத்துக் கிறித்தவ மிஷன் பள்ளியிற் பயின்றார். பிற கதவுகள் அடைபட்டிருந்த காலத்தில் நம்மவர்க்கு எழுத்தறிவித்த நன்றிக்கு உரியவை அத்தகைய பள்ளிகள். எனினும், மதம் மாறும்படி வந்த அழைப்பிற்கு அவ்விளைஞர் இசையவில்லை. தன்னைப் புறத்தே நிறுத்திய கோயிலின் தெய்வத்தை விட மறுத்த அவ்வுள்ளத்தின் உறுதி வியத்தற்குரியது.

பிழைப்புத் தேடி நம் மக்கள் திரள் திரளாகச் சென்ற கோலார் தங்கவயலில் அவரும் சில காலம் இருந்தார். துறவுள்ளம் அவரைச் சென்னை வியாசர்பாடிக்கு அழைத்து வந்தது. அங்கே கரபாத்திர சுவாமிகள் என்னும் ஞானியிடம் வேதாந்தம் பயின்றார். கையையே உண்கலமாகக் கொண்டு வாழும் துறவியைக் கரபாத்திரர் என்பர். சகஜானந்தர் என்னும் துறவுப் பெயரும் அங்கே கிடைத்தது. இறைவன் உயிருக்கு உயிராய் உள்ளே நிற்பவன் என்பது வேதாந்தம். அவ்வுறவிற்கு இடையில் தரகர் வேண்டியதில்லை, குலமும் வேண்டியதில்லை. சிதம்பரம் என்னும் சொல்லுக்கே அறிவு வெளி என்பது பொருள். அவ்வெளிக்கு மதில் ஏது?

உள்ளே கண்டோம், இனிப் புறத்தே என்ன நடந்தால் என்ன என்று அவர் மடத்தில் அமர்ந்திருக்கலாம். அவ்வாறு அமர்ந்தவர் பலர். இவரோ 1910ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள் சிதம்பரம் வந்து சேர்ந்தார்.

நந்தனார் தீயில் மூழ்கி எழுந்த இடம் ஓமக்குளம் என்பது அவ்வூர் வழக்கு. உள்ளமெல்லாம் சிவனாயிருந்தவருக்குத் தீ எதற்கு என்று நம் இளைஞர் கேட்கின்றனர். நேர்மையான கேள்வி. தூய்மை குறைந்திருந்தது நந்தனாரிடத்தில் அன்று என்பதே இதை எழுதுபவனின் எண்ணம். அந்த ஓமக்குளத்திலேதான் நந்தனார் மடமும், 1916இல் நந்தனார் கல்விக் கழகமும், அதன் வழியே பள்ளியும் விடுதியும் உருவாயின. எரியில் இறங்கினார் எனப் போற்றப்பட்டவர் பெயரால் நம் பிள்ளைகள் ஏட்டை எடுத்தனர். சுவாமிகளின் வழிபாட்டிற்கும் பள்ளிப் பணிக்கும் இடையே எல்லைக்கோடு வரைதல் அரிது. மாணவர்க்குச் சோறு தேடுவதும் அவருக்குப் பூசையாகவே இருந்திருக்கும்.

1926 முதல் பல்லாண்டுகள் சென்னைச் சட்டமன்ற அவைகளில் உறுப்பினராக இருந்தார். கல்வி, நிலம், கோயில் நுழைவு ஆகியவற்றிற்காக அங்கே வாதாடினார். உள்ளத்தில் குடியிருக்கும் இறைவனுக்காகக் கோயிற் கதவைத் திறக்கச் சொல்வானேன் என்று கேட்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். பிள்ளை தாயை மனத்தில் வைத்திருக்கிறான் என்பதற்காக அவன் வீட்டு வாயிலை அடைத்து வைக்கலாமோ? 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறிய போது, அவர் சிதம்பரம் வந்து 37 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1959ஆம் ஆண்டு மே முதல் நாள் சுவாமிகள் மறைந்தார். அவர் தொடங்கிய கல்விப்பணி சிதம்பரத்தில் நந்தனார் பெயர் தாங்கிய ஆண்கள் பள்ளியாகவும் பெண்கள் பள்ளியாகவும் தொடர்ந்து நடைபெற்று வருகின்றது.