மான் வேட்டையில் டார்ச்சும் ஜீப்பும் நுழைந்தபோது... யார் இந்த கென்னத் ஆண்டர்சன்?

அரக்கோணத்தில் ரயில் ஏறி ரேணிகுண்டா பக்கம் போனால், கொஞ்ச நேரத்திலேயே திருத்தணி மலை வந்துவிடும். மான் ஈன்ற வள்ளி வேடர்களிடம் வளர்ந்தவள். அவளைப் பார்க்க முருகன் போட்டுக்கொண்ட வேஷமும் வேடன் வேஷம்தான். மானும் வேட்டையும் இந்தப் பக்கத்துக் கதைகளில் அவ்வளவு பழையவை.

அதே தண்டவாளத்தில் ரேணிகுண்டாவைத் தாண்டி கடப்பா திசையில் போனால் மாமண்டூர் என்று ஒரு சின்ன ஸ்டேஷன் (காஞ்சிபுரம் பக்கத்து மாமண்டூர் வேறு). இந்த ஊரின் ஆட்கொல்லியைப் பற்றி 1957இல் வந்த புத்தகத்தில் எழுதியவர் கென்னத் ஆண்டர்சன். பெங்களூரில் வேலை, லீவு கிடைத்தால் காடு என்று வாழ்ந்த மனிதர். மான் வேட்டைக்கு லைசென்ஸ் கொடுத்த காலத்தில் துப்பாக்கி எடுத்தவர், வேட்டைக்குக் கடிவாளம் போட்ட சட்டம் வந்த இரண்டே ஆண்டில் இறந்தவர். இடைப்பட்ட காலத்தில் காட்டுக்குள் என்னென்ன கருவிகள் வந்தன, அவை என்ன செய்தன என்பதை அவர் வாழ்க்கையை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

ஆபீஸ் பெங்களூரில், மனசு காட்டில்

1910 மார்ச் 8இல் ஹைதராபாத் அருகே பொல்லாரத்தில் பிறந்தார். பல தலைமுறைகளாக இந்தியாவிலேயே வாழ்ந்த ஸ்காட்லாந்து வம்சாவளிக் குடும்பம். படிப்பு பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியில். சட்டம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். மனசு ஒட்டவில்லை, திரும்பி வந்துவிட்டார். தபால் தந்தித் துறையில் சில காலம், பிறகு பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் வேலை. தமிழும் கன்னடமும் பேசுவார்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தருமபுரி, ஏலகிரி, நீலகிரியின் சீகூர், ஆந்திரப் பக்கம் திருப்பதியை ஒட்டிய சாமலா பள்ளத்தாக்கு என அவர் நடந்த காடுகள் பெரும்பாலும் நமக்குத் தெரிந்த ஊர்களை ஒட்டியவை. சின்னாற்றுக் காட்டில் பைரா என்ற பழங்குடிக்காரர் அவருக்கு நண்பரானார். மிருகத்தின் தடம் பார்ப்பது, சத்தத்தை வைத்து நடமாட்டத்தை ஊகிப்பது போன்ற விஷயங்களில் இப்படிப்பட்டவர்கள்தான் அவருக்கு வாத்தியார். அவர்கள் பெயரை அவர் புத்தகங்களில் மறைக்கவில்லை.

அரசுப் பதிவுகளின்படி 1939 முதல் 1966 வரை அவர் சுட்டது 8 ஆட்கொல்லிச் சிறுத்தைகள், 7 ஆட்கொல்லிப் புலிகள். குமாவுனில் ஜிம் கார்பெட்டுக்கு இருந்த பெயர் தென்னிந்தியாவில் இவருக்கு.

மான் வேட்டைக்கு 'சீசன்' இருந்ததா?

இருந்தது. இன்று மானைச் சுட்டால் ஜெயில். அன்று அதற்கு லைசென்ஸ், மாதக் கணக்கு எல்லாம் உண்டு. நீலகிரியில் 1877இல் வேட்டைக்காரர்கள் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குறிப்பிட்ட மாதங்களில் வேட்டை கூடாது என்று மூடும் பருவம் அறிவிக்கப்பட்டது. 1912இல் வந்த சட்டம் இப்படித் தடைக்காலம் அறிவிக்கும் அதிகாரத்தை எல்லா மாகாணங்களுக்கும் கொடுத்தது.

இதில் கருணையோடு கணக்கும் கலந்திருந்தது. குட்டி போட்டு வளர்க்க மானுக்கு இடைவெளி கொடுத்தால்தான் அடுத்த வருஷம் சுட மான் இருக்கும். பழங்குடிகளின் பிழைப்பு வேட்டையைக் குற்றமாக்கி, துரைமார்களின் பொழுதுபோக்குக்கு வழிவிட்டது என்ற விமர்சனமும் நியாயமானதே. ஆனாலும் ஒரு எல்லை இருந்தது. அந்த எல்லை தாங்கியதற்கு இன்னொரு காரணம், அன்றைய வேட்டை கஷ்டமானது. விடியலில் நடக்க வேண்டும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க வேண்டும், மான் மோப்பம் பிடித்துவிட்டால் அன்றைய பொழுது போச்சு.

டார்ச் வந்தது, ஜீப் வந்தது

ஆண்டர்சன் நவீனக் கருவிகளை வெறுத்தவர் இல்லை. வின்செஸ்டர் .405 ரைஃபிள் அவர் கையோடு இருந்தது. ஆட்கொல்லிக்காக இரவில் காத்திருக்கும்போது துப்பாக்கிக் குழலோடு டார்ச்சைப் பொருத்திக்கொள்வார். புலி அடித்துப் போட்ட இரைக்கு மேலே பரண் கட்டி, இருட்டில் அசையாமல் பல மணி நேரம் உட்கார வேண்டும். புலி வந்ததும் சுவிட்சைப் போட்டால் குழல் பார்க்கும் இடத்தில் வெளிச்சம் விழும். அந்தச் சில விநாடிகளில் குறி தப்பினால், ஊருக்குள் காயம்பட்ட ஆட்கொல்லி. அடுத்து சாகப்போவது யாரோ ஒரு மாடு மேய்க்கும் பையனாக இருக்கலாம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இதே வெளிச்சம் வேறு கைகளுக்குப் போனது. ஜீப்புகள் காட்டுப் பாதைகளில் ஓடத் தொடங்கின. ஸ்பாட்லைட் போட்டுக்கொண்டு இரவில் மெதுவாக ஓட்டிப் போனால் போதும். மானின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் உண்டு. இருட்டில் பார்க்க உதவும் அந்தப் படலமே பலமான வெளிச்சம் பட்டால் மின்னி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். மான் திகைத்து நின்றுவிடும். ஆண் மானா, பெண் மானா, சினையா என்று யாரும் பார்ப்பதில்லை. பருவம், எண்ணிக்கை என்ற விதிகள் எல்லாம் இருட்டில் காணாமல் போயின.

மானோடு இது நிற்கவில்லை. 1947இல் கொரியா சமஸ்தான மன்னர் இரவில் காரில் போகும்போது 3 சிவிங்கிப்புலிகளைச் சுட்டார். இந்தியாவில் பதிவான கடைசிச் சிவிங்கிப்புலிகளாக அவை சொல்லப்படுகின்றன. 1952இல் அந்த இனம் நாட்டிலிருந்து அழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

ஆண்டர்சன் தன் புத்தகங்களில் திரும்பத் திரும்பக் கோபப்பட்டது இந்த ஜீப் வேட்டைக்காரர்கள் மீதுதான். மான் குறைந்தால் சிறுத்தைக்கும் புலிக்கும் இரை குறையும். அவை ஊர் மாட்டைத் தேடி வரும். காயம்பட்டு ஓடத் தெம்பில்லாத விலங்கு மனிதனைப் பிடிக்கும். கும்மளாபுரத்தில் 42 பேரைக் கொன்ற சிறுத்தையின் காலில் முள்ளம்பன்றி முள் தைத்திருந்தது என்று அவர் எழுதினார். வேறு சில ஆட்கொல்லிகளை அப்படி ஆக்கியது, யாரோ அரைகுறையாகச் சுட்ட குண்டு.

அவரும் சின்ன வயதில் பொழுதுபோக்காக வேட்டையாடியவர் என்பதை மறக்க வேண்டாம். பிற்காலத்தில் அதை விட்டுவிட்டு கேமராவை எடுத்துக்கொண்டார். ஆட்கொல்லி என்று செய்தி வந்தால் மட்டும் ரைஃபிள்.

சட்டம் எங்கே கோடு போட்டது?

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போதும் லைசென்ஸ் வேட்டை ஒரேயடியாக நிற்கவில்லை. ஆனால் அதன் 17ஆவது பிரிவைப் படித்தால் மேலே சொன்ன கதை அப்படியே தெரியும். வண்டியிலிருந்து சுடக்கூடாது. விஷம், வெடி, கண்ணி கூடாது. உப்பு மண் நக்க வரும் இடத்திலும் தண்ணீர் குடிக்கும் இடத்திலும் மறைந்திருந்து சுடக்கூடாது. இரவு வேட்டையும் செயற்கை வெளிச்சமும் கூடாது. இந்த இரண்டுக்கும் ஒரே விலக்கு, தனி அனுமதியோடு, தன் இரைக்குத் திரும்பி வரும் ஊனுண்ணி விலங்குக்கு மட்டும்.

அதாவது ஆண்டர்சன் பரண்மேல் பிடித்த டார்ச்சுக்கு ஒரு சின்னக் கதவு. மானைத் தேடி ஓடிய ஸ்பாட்லைட்டுக்குப் பூட்டு. பொருள் ஒன்றுதான். ஒன்று ஊரைக் காப்பாற்ற, இன்னொன்று சிரமமில்லாமல் கொல்ல. 1991 திருத்தம் லைசென்ஸ் வேட்டையையே முடித்துவைத்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1974 ஆகஸ்ட் 30இல் பெங்களூரில் புற்றுநோயால் இறந்துவிட்டார்.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

மான் வேட்டை சட்டப்படி நடக்கும் அமெரிக்காவில் இதே வாதம் இன்னும் ஓடுகிறது. மரத்தில் கட்டிவைக்கும் தானியங்கி கேமராவை வேட்டைக்கு உதவியாகப் பயன்படுத்துவதை அரிசோனா மாநிலம் 2022இல் தடை செய்தது. நம் நாட்டில் அதே வகைக் கேமரா புலியை எண்ணுகிறது. 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் வைத்த கேமராக்கள் சுமார் 3.48 கோடி படங்கள் எடுத்தன. கின்னஸில் இடம்பிடித்த கணக்கு அது.

நம் கையிலும் ஒரு டார்ச் இருக்கிறது, ஃபோனில். பந்திப்பூர் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை பெரும்பாலான வண்டிகளை விடாததற்குக் காரணம், இருட்டில் சாலையைக் கடக்கும் விலங்குகள் அடிபடக்கூடாது என்பதே. அடுத்த முறை காட்டுச் சாலையில் மான் கூட்டத்தைப் பார்த்தால், ரீல்ஸுக்காக வெளிச்சம் அடிக்க வேண்டாம். இரவில் காட்டோரமாக ஸ்பாட்லைட்டோடு மெதுவாக ஊரும் வண்டி கண்ணில் பட்டால், நின்று கேள்வி கேட்காதீர்கள், அவர்களிடம் துப்பாக்கி இருக்கலாம். இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.