மரியா மாண்டிசோரி அம்மையார்

குழந்தைகள் விளையாடுவதைப் பொழுதை வீணே போக்குவதென்று எண்ணுவார் நம்மிற் பலர். அவ்வெண்ணத்தை மாற்றுதற்பொருட்டே தம் வாழ்நாளைச் செலவிட்ட மாதரசியார் ஒருவர், நம் செங்கற்பட்டுக் கடற்கரையை அடுத்து வாழ்ந்திருந்தனர் என்பதை நம் மாணவரிற் பலர் அறியார். அவரே மரியா மாண்டிசோரி அம்மையார்.

அம்மையார் இத்தாலி தேசத்திலுள்ள கியாரவல்லே என்னும் ஊரில் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ஆம் நாள் பிறந்தனர். பெண்கள் வைத்தியம் கற்றல் அரிதாயிருந்த அக்காலத்தில், 1896-இல் ரோமாபுரிச் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றனர். முதலில் அவர் கவனத்தை ஈர்த்தவர்கள் அறிவு வளர்ச்சி குன்றியவர் என்று ஒதுக்கப்பட்டிருந்த சிறுவர்களே. இவர்களுக்கு வேண்டுவது மருந்தன்று, கைக்கும் கண்ணுக்கும் ஏற்ற தொழிலே என்று அம்மையார் தெளிந்தனர். இதார், செகேன் என்னும் பிரெஞ்சு வைத்தியர் இருவரின் நூல்களைப் பயின்று, அவ்வழியே பல கருவிகளை அமைத்தனர்.

1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், ரோமாபுரியில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த சான் லொரென்ஸோப் பகுதியில் ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் படிக்கட்டுகளிலே திரிந்த ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளே அதன் முதல் மாணவர். அங்கே பொம்மைகளும் இருந்தன. எனினும் பிள்ளைகள் அவற்றை விட்டு, கைவேலைக்குரிய கருவிகளையே நாடினர். ஒரு மரக்கட்டையில் பத்துக் குழிகள். அவற்றிற்கேற்ற பத்து உருளைகள். ஒன்றை இடம் மாற்றி வைத்தால் இறுதியில் ஒன்று பொருந்தாது நிற்கும். பிழையைக் காட்ட ஆசிரியர் வேண்டியதில்லை, கருவியே காட்டும். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவித் தடவியே பிள்ளைகள் எழுதக் கற்றனர். இச்செய்தி விரைவில் உலகெங்கும் பரவிற்று.

பிரம்மஞான சபையாரின் அழைப்பிற்கிணங்கி, அம்மையார் 1939-இல் தம் மைந்தர் மாரியோவுடன் அடையாற்றுக்கு வந்தனர். இன்று சென்னை நகரில் அடங்கிய அடையாறு, அக்காலத்தில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்ததாகும். ஓலைக் கொட்டகைகளில் ஏறக்குறைய முந்நூறு ஆசிரியர்கள் கூடிப் பயிற்சி பெற்றனர். அம்மையார் இத்தாலிய மொழியிற் பேச, மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துரைத்தனர்.

1940-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இத்தாலி யுத்தத்தில் இறங்கவே, மாரியோ காவலில் வைக்கப்பட்டனர். அம்மையாரோ அடையாற்று எல்லையைக் கடத்தலாகாதென்று தடுக்கப்பட்டனர். மணவாழ்விற்குப் புறம்பே பிறந்த அம்மைந்தரை இளமையில் அயலார் வீட்டில் வளரவிட்டுப் பிரிந்திருந்த தாய் அவர். உலகறிய மகன் என்று சொல்லவும் இயலாதிருந்தவர். முதுமையில் மீண்டும் அப்பிரிவு நேர்ந்தது. அவருடைய எழுபதாம் பிறந்த நாளன்று அரசப்பிரதிநிதி மாரியோவை விடுவித்தனர். அவ்வாணையில் அவர் அம்மையாரின் மகனென்றே குறிக்கப்பட்டனர். அதன்பின் கொடைக்கானலில் சில ஆண்டுகள் தங்கிப் பணிபுரிந்து, 1946-இல் ஐரோப்பா சென்று, 1947-இல் மீண்டும் இந்தியாவிற்கு வந்து பயிற்சி அளித்தனர். 1952-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள், ஹாலந்து தேசத்து நோர்ட்வைக் என்னும் கடற்கரையூரில் உயிர் நீத்தனர்.

இன்று அம்மையாரின் பெயரைத் தாங்கிய பள்ளிகள் பல, செல்வர்க்கே எட்டுவனவாக இருக்கின்றன. ஏழைப் பிள்ளைகளிடையே பிறந்த முறைக்கு இஃது அழகன்று. அதன் உட்பொருளை உணர்ந்தால் நம் இல்லங்களே போதும் என்பது எம் கருத்து. நம் சமையலறையிலுள்ள அடுக்குப் பாத்திரங்களைக் கலைத்துக் குழந்தையின் முன் வைப்போமாக. ஒன்று மாறினும் அடுக்கு அமையாது. துவரையையும் பயற்றையும் கலந்து முறத்திலிட்டுப் பிரிக்கச் சொல்லலாம். பல்லாங்குழியின் பதினான்கு குழிகளும் புளியங்கொட்டைகளும் எண்ணைக் கைக்கே கற்பிக்கும். தாம்பாளத்தில் மணலைப் பரப்பினால் உப்புத்தாள் எழுத்து வேண்டியதில்லை; நம் திண்ணைப் பள்ளிகள் மணலில் விரலால் எழுதுவித்தது இம்முறைக்கு அயலன்று. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அலை ஒதுக்கும் கிளிஞ்சல்களைப் பொறுக்கிவந்து, அளவாலும் நிறத்தாலும் வரிசைப்படுத்துதல் ஒரு பகற்பொழுதிற்குப் போதிய விளையாட்டாம்.

இவற்றிற்குப் பொருட்செலவு இல்லை; பெற்றோரின் பொறுமை ஒன்றே வேண்டும். அடுக்கிற் பாத்திரம் பொருந்தாது நிற்கக் கண்டு குழந்தை திகைக்குங்கால், நம் கை தானே முன் நீளும். அக்கையைச் சற்றே அடக்குவோமாயின், குழந்தை மீண்டும் கலைத்துத் தானே அடுக்கும்.