ஜிம் ஹென்சன்

ஜிம் ஹென்சன் (செப்டம்பர் 24, 1936 - மே 16, 1990) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த பொம்மலாட்டக் கலைஞரும் தொலைக்காட்சி, திரைப்பட இயக்குநரும் ஆவார். மப்பெட்டுகள் எனப்படும் பொம்மைப் பாத்திரங்களை உருவாக்கியவர். செசமி ஸ்ட்ரீட் என்னும் சிறுவர் நிகழ்ச்சியின் வாயிலாக உலகெங்கும் அறியப்பட்டார். மேடைக்கலையாக இருந்த பொம்மலாட்டத்தைத் தொலைக்காட்சிக்கு உரிய கலையாக மாற்றியமைத்ததே இவரது முதன்மையான பங்களிப்பு எனலாம்.

இளமை

ஹென்சன் மிசிசிப்பி மாநிலத்தின் கிரீன்வில் நகரில் பிறந்தார். லேலண்ட் என்ற சிற்றூரில் வளர்ந்த பின்னர் குடும்பத்துடன் மேரிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். ஓவியமும் தையலும் அறிந்த பாட்டி இவருடைய கலையார்வத்தை வளர்த்தார். இளமையில் இவரை ஈர்த்தது பொம்மலாட்டம் அன்று, தொலைக்காட்சியே. 1954 இல் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையம் ஒன்று பொம்மலாட்டக்காரர்களைத் தேடியபோது, நூலகத்து நூல்களைப் படித்துப் பொம்மை செய்யக் கற்றுக்கொண்டு அங்கே நுழைந்தார்.

தொலைக்காட்சிப் பொம்மைகள்

மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பயிலும்போதே, 1955 இல், வாசிங்டன் நிலையமொன்றில் சாம் அண்டு ஃபிரெண்ட்ஸ் என்ற ஐந்து நிமிட நிகழ்ச்சியைத் தொடங்கினார். சக மாணவியான ஜேன் நெபல் இதில் துணைநின்றார். இருவரும் 1959 இல் மணந்துகொண்டனர். கெர்மிட் பிறந்தது இந்நிகழ்ச்சிக்காகவே. தாயாரின் பழைய மேலங்கித் துணியில் உடலையும், மேசைப்பந்தாட்டப் பந்தின் இரு பாதிகளில் கண்களையும் ஹென்சன் செய்தார். கெர்மிட் தவளையானது பிற்காலத்தில்தான்.

தமிழ்நாட்டுப் பொம்மலாட்டத்தில் கலைஞர் கருந்திரைக்குப் பின்னால் நின்று, தலையில் அணிந்த இரும்பு வளையத்தில் கட்டிய கயிறுகளாலும் கைக்கோல்களாலும் மரப்பொம்மைகளை மேலிருந்து இயக்குவார். சில பொம்மைகள் 10 கிலோ வரை எடையுள்ளவை. தொலைவில் அமர்ந்திருப்போருக்கும் தெரிய வேண்டுமாதலால் உருவம் பெரிதாகவும் முகம் மாறாததாகவும் இருக்கும். தொலைக்காட்சியிலோ ஒளிப்படக்கருவி பொம்மையின் முகத்தருகே வந்துவிடுகிறது. இதை உணர்ந்த ஹென்சன் மரத்தை விடுத்துத் துணியையும் நுரைப்பஞ்சையும் கையாண்டார். பொம்மையின் வாய்க்குள் ஒரு கையை நுழைத்து உதட்டசைவையும் முகபாவத்தையும் காட்டினார். சிறு மேடையையும் நீக்கினார். திரையின் சட்டமே மேடையாயிற்று. கலைஞர்கள் சட்டத்துக்குக் கீழே மறைந்து, கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, கண்காணிப்புத் திரையில் தம் பொம்மையைப் பார்த்தபடியே நடிப்பர். இது பெரும் பயிற்சியை வேண்டுவது.

ஒரு கட்டத்தில் ஹென்சன் இக்கலையைக் கைவிட எண்ணினார். 1958 இல் ஐரோப்பாவில் பயணம் செய்தபோது பொம்மலாட்டம் அங்கே மதிப்புமிக்க கலையாகப் போற்றப்படுவதைக் கண்டு மனம் மாறினார்.

செசமி ஸ்ட்ரீட்

முன்பள்ளிக் குழந்தைகளுக்கான இந்நிகழ்ச்சியை ஜோன் கான்ஸ் கூனி முதலானோர் திட்டமிட்டனர். கற்பனை உருவங்களையும் உண்மை மனிதர்களையும் கலந்தால் குழந்தைகள் குழம்புவர் என உளவியலாளர்கள் கருதியதால், தெருக்காட்சிகளில் பொம்மைகள் இடம்பெறவில்லை. 1969 இல் நடந்த முன்னோட்டச் சோதனையில் குழந்தைகள் பொம்மைக் காட்சிகளை ஆர்வத்துடன் பார்த்தனர். மனிதர்கள் மட்டும் வந்த தெருக்காட்சிகளில் அவர்கள் கவனம் சிதறியது. எனவே அறிவுரை கைவிடப்பட்டது. தெருவில் மனிதரோடு உலவுவதற்காகவே பிக் பேர்டு, ஆஸ்கார் ஆகிய பாத்திரங்களை ஹென்சன் குழு உருவாக்கியது. முதல் ஒளிபரப்பு நவம்பர் 10, 1969 அன்று நிகழ்ந்தது. இதன் இந்திய வடிவமான கலி கலி சிம் சிம் 2006 இல் இந்தியில் தொடங்கியது.

பிற்காலம்

இப்புகழ் ஹென்சனுக்கு ஒரு தடையும் ஆனது. அனைத்து வயதினருக்குமான நிகழ்ச்சியொன்றை அமைக்க விரும்பிய அவரைச் சிறுவர் கலைஞராகவே கருதிய அமெரிக்க வலையமைப்புகள் வாய்ப்பளிக்கவில்லை. பிரித்தானியத் தயாரிப்பாளர் லூ கிரேடு முன்வந்ததால் தி மப்பெட் ஷோ இங்கிலாந்தில் உருவானது. 1976 முதல் 1981 வரை 120 பகுதிகள் வெளிவந்தன. இவர் இயக்கிய லாபிரிந்த் (1986) திரைப்படம் வெளியான காலத்தில் வசூலில் தோல்வியுற்றது, பின்னரே போற்றப்பட்டது.

மறைவு

மே 1990 இல் தொண்டை வலியுடன் தொடங்கிய நோயை ஹென்சன் பெரிதாகக் கருதவில்லை. மருத்துவமனையில் சேர்ந்த மறுநாளே பாக்டீரியத் தொற்றால் நியூயார்க்கில் காலமானார். அப்போது அவருக்கு வயது 53. தம் நினைவுக் கூட்டத்துக்கு எவரும் கறுப்பு உடை அணிந்து வரக்கூடாதென அவர் முன்பே எழுதி வைத்திருந்தார்; அதன்படியே நடந்தது. மப்பெட்டுகளின் உரிமையை 2004 இல் டிஸ்னி நிறுவனம் வாங்கியது.