தலவிலக் கடையில் தொங்கிய துவக்கும் ஜோன் பிரௌனிங்கும்

ஓகஸ்ட் மாதம் தலவில அன்னம்மாள் திருவிழாவுக்குப் போயிருந்தோம். கோயிலைச் சுற்றியுள்ள மரநிழல்களில் தமிழ்க் குடும்பங்களும் சிங்களக் குடும்பங்களும் பாய் விரித்து, அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தன. கடைத்தெருவில் அக்காவின் மகன் ஒரு விளையாட்டுத் துவக்குக்கு முன்னால் நின்றுவிட்டான். கௌபாய் படங்களில் வருகிற மாதிரி. விசையைச் சுற்றி ஒரு வளையம், அதைக் கீழே தள்ளி மேலே இழுக்க வேண்டும். கடைக்காரர் ஒருமுறை இழுத்துக் காட்டினார். அந்தச் சத்தத்துக்கு அக்கா திரும்பிய வேகத்தைப் பார்த்ததும், பேசாமல் அதைத் திரும்பக் கொழுவிவிட்டார்.

நாங்கள் 2009 மே வரை வன்னியில் இருந்தவர்கள்.

பிள்ளை அழுதழுது நித்திரையான பிறகு, அந்தச் சாமான் யாருடைய வேலை என்று போனில் தேடினேன். வின்செஸ்டர் 1894. வடிவமைத்தவர் ஜோன் மோசஸ் பிரௌனிங். பெயர் புதிதில்லை. பிப்டி கலிபர் என்று வன்னியில் சின்னப் பிள்ளைகளும் சொன்னோமே, அந்த அரை அங்குல ரவையைச் சுடும் பெயர்பெற்ற இயந்திரத் துவக்குக்கும் அவர்தான் தகப்பன்.

பிரௌனிங் 1855இல் அமெரிக்காவின் யூட்டாவில், ஓக்டன் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனும் துவக்குச் செய்பவர். மூன்று மனைவியர், இருபத்திரண்டு பிள்ளைகள். மகன் பட்டறையின் பழைய இரும்புகளோடு வளர்ந்தார். 1879இல் முதல் காப்புரிமை. ஒற்றை வெடித் துவக்கான அதன் உரிமையை 1883இல் வின்செஸ்டர் கம்பனி ஆள் அனுப்பி 8,000 டொலருக்கு வாங்கியது.

லீவர் துவக்கைக் கண்டுபிடித்தது பிரௌனிங் அல்ல. அவருக்கு முன்பே ஹென்றி துவக்கும் வின்செஸ்டர் 1873உம் இருந்தன. ஆனால் அவற்றின் பூட்டு வலுவான ரவையைத் தாங்காது. பிரௌனிங்கின் 1886 மாதிரியில் இரண்டு இரும்புக் கட்டைகள் நிலைக்குத்தாக எழுந்து பூட்டின. அதற்குப் பிறகு 1892, 1894. கடைசியாகச் சொன்னது மட்டும் 70 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது.

இதைச் சேகரிப்பவர்களுக்குள் பெரிய சண்டையே இருக்கிறது. 1964இல் செலவைக் குறைக்க மாற்றிச் செய்ததை அவர்கள் மதிப்பதில்லை. அதற்கு முந்தியதுதான் அவர்களுக்குத் துவக்கு. 2006இல் நியூ ஹேவன் தொழிற்சாலை மூடப்பட்டது. இன்று வின்செஸ்டர் பெயரோடு வருபவற்றை ஜப்பானின் மிரோகு நிறுவனம் செய்கிறது. இத்தாலியின் உபேர்ட்டி 1873இன் நகலைச் செய்கிறது. மிரோகுவின் வேலையில் குறை சொல்ல முடியாது என்று எதிரிகளும் ஒப்புக்கொள்கிறார்கள். பிறகு என்ன சண்டை? பூட்டுத்தான். பழையதில் பின்னாலுள்ள குதிரையைப் பெருவிரலால் பாதிவரை இழுத்து நிறுத்துவதே பாதுகாப்பு. புதிய 1894இன் பிடிக்கழுத்தில் தள்ளிப் பூட்டும் ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தேவையில்லாத அழுக்கு மாதிரிப் பார்க்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பொறாமையும் வந்தது. துவக்கைப் பற்றி இவ்வளவு நிம்மதியாகச் சண்டை பிடிக்கக் கிடைத்தவர்கள்!

பிரௌனிங் அந்த வளையத்தோடு நின்றிருந்தால் நானும் அன்றிரவு நித்திரை கொண்டிருப்பேன். 1887இலிருந்து இரண்டு வருடம் அமெரிக்காவின் தெற்கே மதப் போதகராக நடந்து திரிந்துவிட்டு வந்தவர், 1889இல் ஒரு துவக்கு வெடிக்கும்போது குழல் வாயிலிருந்து வரும் காற்றில் புல் சாய்வதைக் கவனித்தார். அந்தக் காற்று வீணாகப் போகிறதே என்று யோசித்தார். ஒரு 1873 லீவர் துவக்கையே எடுத்து, குழல் வாயில் ஒரு தட்டைப் பொருத்தி, அதைக் கம்பியால் லீவரோடு இணைத்தார். வெடிக்கிற காற்று தட்டைத் தள்ள, லீவர் தானாக அடித்தது. ஒவ்வொரு வெடிக்கும் ஒரு மனிதக் கை செய்ய வேண்டியிருந்த வேலை அன்றோடு இல்லாமல் போனது.

அதிலிருந்து கோல்ட் 1895 இயந்திரத் துவக்கு. 1902இல் உரிமைப் பணத் தகராறில் வின்செஸ்டரை விட்டு விலகி, பெல்ஜியத்தின் எப்.என். தொழிற்சாலையோடு சேர்ந்தார். 1914இல் சரயேவோவில் இளவரசரைச் சுட்டதும் அங்கு செய்யப்பட்ட அவருடைய கைத்துப்பாக்கிதான். அந்த உலகப் போருக்கு அவருடைய இயந்திரத் துவக்குகளை அமெரிக்க அரசு 750,000 டொலருக்கு வாங்கியது. வழமையான உரிமைப் பணம் என்றால் ஒரு கோடிக்கு மேல் வந்திருக்கும்; கேட்காமல் விட்டார். நாட்டுப்பற்று என்று எழுதுகிறார்கள். இருக்கலாம்.

பிப்டி கலிபரின் வேலை அந்தப் போரின் கடைசியில் தொடங்கியது. அது இன்றைய வடிவத்துக்கு வந்தபோது அவர் இல்லை. 1926 நவம்பர் 26, லீஜ் நகரத் தொழிற்சாலையில், மகன் வாலின் அறையில், இதயம் நின்றது. வயது 71. காப்புரிமைகள் 128. தன் துவக்குகள் போன இடங்களைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்று விடியும்வரை தேடினேன். பட்டறை, வரைபடம், விலை இவைதான் திரும்பத் திரும்ப வந்தன.

காலையில் பூசை முடிந்ததும் அக்காவுக்குச் சொல்லாமல் அந்தக் கடைக்குப் போனேன். துவக்கை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பிடிக்கழுத்தில் பொத்தான் இல்லை. பழையதின் நகல். கடைக்காரர் விலையைக் குறைத்துச் சொன்னார். பிள்ளைக்கு ஒரு பிளாஸ்டிக் படகு வாங்கிக்கொண்டு வந்தேன்.