உடைந்த சில்லுகளால் ஓர் ஊர்

பிறந்த மண்ணைவிட்டுப் பிழைப்புத் தேடிப் புறப்படுவோன் எதனைத் தன்னுடன் கொண்டு செல்கிறான்? மூட்டையிலுள்ளவை சின்னாளில் தேய்ந்துபோம், நெஞ்சிலுள்ளவையே நிலைக்கும். இதற்குச் சான்றாக வாழ்ந்த சைமன் ரோடியாவின் வரலாறு, சங்கம் கண்டு வாழும் நாம் அறியத்தக்கது.

தென் இத்தாலியில் செரினோவை அடுத்த சிற்றூரில் 1879-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சபாத்தோ. பதினைந்து வயதளவில் தமையனாருடன் அமெரிக்கா அடைந்தார். பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்க விபத்தில் தமையனார் மாண்டார். தனித்து நின்ற இளைஞர் மேற்கே சென்று, கட்டடக் கூலியாகவும் ஓடு பதிப்பவராகவும் உழைத்தார். மணவாழ்வு முறிந்தது; பெயரும் சாம் என்றும் சைமன் என்றும் மாறிற்று.

1921-இல் லாஸ் ஏஞ்சல்ஸை அடுத்த வாட்ஸில் முக்கோண மனையொன்றை வாங்கினார். பகலில் கூலி வேலை; எஞ்சிய பொழுதெல்லாம் தம் பணி. இரும்புக் கம்பிகளை அருகிலிருந்த இரயில் தண்டவாளத்தில் கொடுத்து வளைத்தார். கம்பிவலை சுற்றிச் சிமெண்டுச் சாந்து பூசினார். ஈரம் உலருமுன் உடைந்த பீங்கான், பச்சைப் புட்டிச் சில்லு, ஓடு, கிளிஞ்சல் ஆகியவற்றைப் பதித்தார். சாரமில்லை, துணையாளில்லை. 33 ஆண்டுகளில் 17 அமைப்புகள் எழுந்தன. மிக உயர்ந்த கோபுரம் ஏறக்குறைய 30 மீட்டர். நம் தேர்களைப்போல் நோலா நகர்த் திருவிழாவில் தோளில் சுமந்து வரும் மரக்கோபுரங்களை இவை ஒத்திருப்பதாக ஆய்வாளர் சிலர் கருதுவர். எனினும் இத்தாலியரான அவர் அதற்கு இட்ட பெயரோ, அண்டை வீட்டார் பலர் பேசிய ஸ்பானிய மொழியில் நம் ஊர் என்று பொருள்படுவது!

அயலார் சிலர் அதனைச் சிதைத்தும் வந்தனர். 1955-இல் மனையை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு, முதியவர் மார்ட்டினஸ் நகருக்கு அகன்றார். பின்னர் நகராட்சி கோபுரங்களை இடிக்க ஆணையிட்டது. கலையன்பர் தடுத்தனர், 1959-இல் 10,000 பவுண்டு விசையால் இழுத்துச் சோதித்தபோது இழுத்த கருவி வளைந்ததேயன்றிக் கோபுரம் சாயவில்லை. ஆணையும் கைவிடப்பட்டது. 1965-இல் ரோடியா மறைந்தார். 1990-இல் அவர் படைப்பு தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று.

தாய்மண்ணை மறவாமையும், வந்த மண்ணை நம் ஊர் எனக் கொள்வதும் முரணாகுமோ என நம்மவர் ஐயுறுவதுண்டு. அவை ஒருங்கே நிற்கும் என்பதற்கு அக்கோபுரங்களே சான்று. பிறர் எறிந்த சில்லுகளால் ஓர் ஏழை ஊரெழுப்பினார். கூடி வாழும் நம்மால் இயலாதது யாது?